30 மில்லிஆம்பியர்: உங்க வீட்டு டிபி பாக்ஸோட வரலாறு

முடிஞ்சா இந்த எபிசோடைக் கேட்டுக்கிட்டே எழுந்து போய் உங்க வீட்டு டிபி பாக்ஸோட மூடியைத் திறந்து பாருங்க. திறந்தா போதும், உள்ளே கை வைக்க வேண்டாம். வரிசையா சின்னச் சின்ன சுவிட்ச் இருக்கும். ஒவ்வொண்ணு மேலயும் சி10, சி16, சி32ன்னு ஏதாவது அச்சடிச்சிருக்கும். இதெல்லாம் எம்சிபி. இந்த வரிசையில கொஞ்சம் அகலமா, 'டி' எழுத்து போட்ட குட்டி பட்டனோட இன்னொரு சுவிட்ச் இருக்கா? இருந்தா அதுமேல 30 மில்லிஆம்பியர்னு போட்டிருக்கும். அதுக்குப் பேர் ஆர்சிசிபி. நம்ம எலக்ட்ரிஷியன்கள் பழக்கத்துல ஈஎல்சிபின்னு சொல்லுவாங்க.

சில வீட்டுல அது இருக்கும். நிறைய வீட்டுல இருக்காது. இதுல என்ன விஷயம்னா, அந்தப் பெட்டியில மனுஷ உயிரைக் காப்பாத்தணும்ங்கிற நோக்கத்தோட செய்யப்பட்ட சுவிட்ச் அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் வயரைக் காப்பாத்த வந்தது. ஊருக்கு கரண்ட் விக்க ஆரம்பிச்சு முக்கால் நூற்றாண்டு கழிச்சுதான் இந்த ஒரு சுவிட்ச் வீட்டுக்குள்ள வந்தது. ஏன் அவ்வளவு தாமதம்? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

1882 செப்டம்பர் 4. நியூயார்க்கில் பேர்ல் தெருவில் எடிசனோட மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. 110 வோல்ட், டிசி கரண்ட். கேபிளெல்லாம் தெருவுக்கு அடியில். எடிசன் பிற்காலத்தில் சொன்ன ஒரு கதை உண்டு. ஆன் தெருவும் நாசா தெருவும் சந்திக்கிற முனையில் ஏதோ கோளாறுன்னு ஒரு போலீஸ்காரர் ஓடி வருகிறார். போய்ப் பார்த்தா அந்த ஈரத் தரையில் கால் வைக்கிற குதிரையெல்லாம் துள்ளுது. பூமிக்கடியில் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் கசிவு. மனுஷன் ஷூ போட்டிருந்ததால தப்பிச்சான். குதிரைக்கு இரும்பு லாடம், அதனால மாட்டிக்கிச்சு. எடிசன் இதை ஒரு வேடிக்கைக் கதையாத்தான் சொன்னார். ஆனா நாம இன்னைக்கு 'எர்த் ஃபால்ட்'னு சொல்றது இதைத்தான்: வயருக்குள்ளேயே போய்த் திரும்ப வேண்டிய கரண்ட், வழி மாறித் தரைக்குள்ள போறது.

அதே 1882-ல் லண்டனில், தந்திப் பொறியாளர்களும் மின் வல்லுநர்களும் சேர்ந்த ஒரு சங்கம் வயரிங்குக்கான முதல் விதிப் புத்தகத்தை வெளியிட்டது. சில பக்கங்கள்தான். அதோட தலைப்பைத் தமிழ்ல சொன்னா, 'மின் விளக்கினால் எழும் தீ அபாயங்களைத் தடுக்கும் விதிகளும் ஒழுங்குமுறைகளும்'. தீ அபாயம்! மனுஷனுக்கு வரக்கூடிய ஆபத்து உள்ளே கொஞ்சம் வரும், ஆனா தலைப்புக்கு வரலை. அன்னைக்கு யாருக்கு எது பயமா இருந்ததுன்னு பார்த்தா இது புரியும். கட்டடம் எரிஞ்சா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நஷ்டம். போட்டிக்கு நின்ன கேஸ் விளக்குக்காரங்களுக்கு அது கொண்டாட்டம். யாரோ ஒருத்தர் ஷாக் அடிச்சு விழுந்தா அது அவரோட துரதிர்ஷ்டம். அந்தப் புத்தகம் பதிப்பு மேல பதிப்பா வளர்ந்து இன்னைக்கும் பிரிட்டனில் நடைமுறையில் இருக்கு, 18-ஆம் பதிப்பு ஓடுது.

தீக்கு பயந்தவங்க கண்டுபிடிச்ச பதில் பியூஸ். கரண்ட் அளவுக்கு மேல போனா வயர் சூடாகும், சுத்தி இருக்கிற மரமும் துணியும் பிடிச்சிக்கும். அதனால நடுவில் சீக்கிரம் உருகுற ஒரு துண்டு வயரை வைச்சா, அது முதல்ல உருகி மீதியைக் காப்பாத்தும். எடிசன் 1890-ல் இதுக்கு ஒரு பேடன்ட் வாங்கினார். நம்ம ஊர்ல வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டை சுவரில் இருந்த காலம் உங்க அப்பா அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். பியூஸ் போனா வயர் வாங்கிச் சுத்தணும். வயர் கிடைக்கலைன்னா கையில அகப்பட்ட கம்பியைச் சுத்தி, இனி ஜென்மத்துக்கும் உருகாதபடி ஆக்கிடுவாங்க. 1924-ல் ஜெர்மனியின் மான்ஹைமில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம், பியூஸுக்குப் பதிலாத் தானா விழுந்து, திரும்பத் தூக்கிவிடக்கூடிய ஒரு சின்ன சுவிட்சுக்கு பேடன்ட் வாங்கியது. இன்றைய எம்சிபியின் மூதாதை அதுதான். வேலை மட்டும் மாறலை, பியூஸோட அதே வேலை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. நம்ம வீட்டு சப்ளை 230 வோல்ட். ஈரக் கையோட ஒரு பேஸ் வயரைத் தொடறீங்க. உடம்போட தடை சுமார் 1000 ஓம்னு வைச்சுக்கலாம். 230-ஐ 1000-ஆல் வகுத்தா 0.23 ஆம்பியர். அந்த சர்க்யூட்டுக்குப் போட்டிருக்கிற எம்சிபி 16 ஆம்பியருக்கு. உங்க வழியாப் போறது கால் ஆம்பியர்கூட இல்லை. எம்சிபி பார்வையில் நீங்க ஒரு 50 வாட் பல்ப். எவ்வளவு நேரம் வேணும்னாலும் எரிய விடும். அது பழுதாகிடுச்சுன்னு அர்த்தமில்லை, அதுக்குச் சொல்லிக் கொடுத்த வேலையைச் சரியாத்தான் செய்யுது.

அப்போ எர்த்திங் எதுக்கு இருக்குன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இங்கே கதை கொஞ்சம் சிக்கலாகும்.

எர்த்திங்னு நாம ஒரே வார்த்தையில் சொல்றது உண்மையில் ரெண்டு விஷயம். ஒண்ணு, தெருவில் இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மர்கிட்ட நியூட்ரலைப் பூமியோட இணைக்கிறது. இன்னொண்ணு, வீட்ல ஃப்ரிட்ஜ், கிரைண்டர், கீஸர் மாதிரி சாமானோட உலோக உடம்பைப் பூமியோட இணைக்கிறது. முதல் விஷயத்துக்கு அமெரிக்காவில் பெரிய சண்டையே நடந்தது. நியூட்ரலைத் தரையில் இணைக்கிறது ஆபத்து, நிறுத்துங்கன்னு நியூயார்க்கின் தீ இன்ஷூரன்ஸ் வாரியம் 1892-ல் சொன்னது. எதிர்த்தரப்பு வாதம் வேற. ட்ரான்ஸ்ஃபார்மரில் ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுற பக்கம் பழுதாகி, வீட்டுப் பக்கத்து வயரைத் தொட்டா என்ன ஆகும்? அத்தனை வோல்ட்டும் படுக்கையறை பல்ப் வரைக்கும் வந்து நிக்கும். நியூட்ரல் பூமியோட இணைஞ்சிருந்தா அது அங்கேயே இறங்கிடும். இழுபறி பல வருஷம் ஓடி, 1913-ல் அமெரிக்காவின் தேசிய மின் விதி வீட்டு சப்ளையின் ஒரு வயரைப் பூமியோட இணைப்பதைக் கட்டாயமாக்கியது.

இதுக்கு ஒரு விலை இருக்கு, அதை யாரும் பெரிசாப் பேசறதில்லை. ட்ரான்ஸ்ஃபார்மரோட ஒரு முனை பூமியில் இருக்குன்னா, வெறுங்காலோட தரையில் நிக்கிற நாம ஒவ்வொருத்தரும் ஏற்கெனவே அந்த சர்க்யூட்டோட ஒரு முனையில் நின்னுக்கிட்டிருக்கோம். ஒத்தைப் பேஸ் வயரைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறதுக்குக் காரணம் அதுதான். பெரிய ஆபத்தைத் தடுக்கச் செய்த ஏற்பாடு ஒரு சின்ன ஆபத்தை எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்தது. அது சரியான முடிவுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா அந்தச் சின்ன ஆபத்துக்குப் பதில் தேட வேண்டிய கடமையும் கூடவே வந்தது.

ரெண்டாவது விஷயம், சாமானோட உடம்புக்கு எர்த். கிரைண்டருக்குள்ள பேஸ் வயர் தேய்ஞ்சு உடம்பைத் தொட்டுடுச்சுன்னு வைங்க. எர்த் வயர் இருந்தா, கரண்ட் அது வழியா வேகமாத் தரைக்குள்ள ஓடும், அந்த வேகத்தில் பியூஸ் போகும். நம்ம மூணு பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமா, தடிமனா இருக்கிறதும் இதுக்குத்தான். சொருகும்போது முதல்ல எர்த் சேரணும், பிடுங்கும்போது கடைசியா விலகணும்.

ஆனா இதெல்லாம் எர்த் நல்லா இருந்தால்தான். தனி வீட்டோட காம்பவுண்ட் ஓரத்தில் ஒரு குழி, உள்ளே பைப்பு, சுத்தி கரியும் உப்பும். அந்தக் குழியோட தடை 8 ஓம், ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துக் குழி 2 ஓம்னு வைச்சுக்குவோம். ரொம்ப மோசமான கணக்கு இல்லை இது. கரண்ட் குழியில் இறங்கி, மண் வழியா ட்ரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பணும். மொத்தம் 10 ஓம். 230-ஐ 10-ஆல் வகுத்தா 23 ஆம்பியர். சி16 எம்சிபி உடனே விழணும்னா 80-லிருந்து 160 ஆம்பியர் வரை வேணும். 23 ஆம்பியருக்கு அது சூடாகிச் சூடாகி நிதானமா யோசிக்கும், ஒரு மணி நேரம் ஆனாலும் விழும்னு உறுதி இல்லை. அதுவரைக்கும் கிரைண்டரோட உடம்பில் எவ்வளவு வோல்ட்? 23 பெருக்கல் 8, அதாவது 184 வோல்ட். வீட்ல எர்த் இருக்கு, எம்சிபி இருக்கு, ரெண்டும் வேலை செய்யுது. இருந்தும் கிரைண்டரைத் தொட்டா ஆள் போய்டலாம்.

இந்த ஓட்டையை அடைக்க வந்த முதல் கருவிதான் அசல் ஈஎல்சிபி. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜெர்மனி மாதிரி நாடுகளில் வந்தது. சாமானோட உடம்புக்கும் எர்த் கம்பிக்கும் நடுவில் ஒரு காயில் இருக்கும். உடம்பில் வோல்டேஜ் ஏறினா காயில் இழுத்து சப்ளையைத் துண்டிக்கும். யோசனை நல்லதுதான். ஆனா கீஸரோட தண்ணிக் குழாய் வழியாவே கரண்ட் மண்ணுக்குள்ள இறங்கிட்டா காயிலுக்கு விஷயமே தெரியாது. எர்த் கம்பி அறுந்து போனாலும் தெரியாது. நேரா வயரையே தொட்ட மனுஷனைப் பத்தி அதுக்குச் சுத்தமாக் கவலை இல்லை. அந்தக் கருவி வழக்கொழிஞ்சு போச்சு, பேர் மட்டும் நம்ம எலக்ட்ரிக்கல் கடைகளில் ஒட்டிக்கிச்சு.

ஒரு மனுஷனைக் காப்பாத்தணும்னா முதல்ல, எவ்வளவு கரண்ட் அவனைக் கொல்லும்னு தெரியணும். 1940-களில் அதை உட்கார்ந்து அளந்தவர் சார்ல்ஸ் டால்ஸியல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பேராசிரியர். தானா முன்வந்தவங்க கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, இப்போ விடுங்கன்னு சொல்லிப் பார்த்தார். ஒரு அளவுக்கு மேல கை தசை இறுகிக்கிட்டு விட முடியாமப் போகும். 134 ஆண்கள், 28 பெண்கள். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லிஆம்பியர், பெண்களுக்குப் பத்தரை. கரண்ட் 'பிடிச்சு இழுக்குது'ன்னு நம்ம ஊர்ல சொல்றோமே, அது இழுக்கிறதில்லை, நம்ம கையே நம்ம பேச்சைக் கேக்காமப் போறது. இதயம் தாறுமாறாத் துடிக்கிற அளவை மனுஷன்கிட்ட சோதிக்க முடியாது, அதனால விலங்குகளை வைத்துக் கணித்தார். அதில் தெரிஞ்ச முக்கியமான விஷயம், கரண்டோட அளவு மட்டும் கணக்கில்லை, அது எவ்வளவு நேரம் ஓடுதுங்கிறதும் கணக்கு.

ஒப்பிட்டுப் பாருங்க. 9 வாட் எல்இடி பல்ப் எடுக்கிற கரண்டே சுமார் 40 மில்லிஆம்பியர். அதே அளவு ஒரு சில விநாடி நெஞ்சு வழியா ஓடினா உயிருக்கு ஆபத்து.

இப்போ தென்னாப்பிரிக்காவுக்குப் போகணும். ஏன்னா அந்த எண்களைக் கேட்டுக் கருவி செய்தவங்க அங்கேதான் இருந்தாங்க. தங்கச் சுரங்கம், ஈரம், இருட்டு, சுத்தி எங்கும் கேபிள். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஆல்பர்ட்டனில் இருந்த ஃபுக்ஸ் நிறுவனத்தில் ஹென்றி ரூபின்னு ஒரு பொறியாளர். அவர் எடுத்துக்கிட்ட தத்துவம் பழசுதான். பேஸ், நியூட்ரல் ரெண்டு வயரையும் ஒரே இரும்பு வளையத்துக்குள்ள விடணும். போற கரண்டும் வர்ற கரண்டும் சமமா இருந்தா வளையம் சும்மா இருக்கும். போனது 5 ஆம்பியர், திரும்பி வந்தது 4.98 ஆம்பியர்னா, மீதி 20 மில்லிஆம்பியர் வேற ஏதோ வழியில் தரைக்குப் போயிருக்கு. அந்த வழி ஒரு மனுஷனா இருக்கலாம். எர்த் கம்பியை நம்பாம, கணக்கு இடிக்குதான்னு மட்டும் பார்க்கிறதுதான் இதோட அழகு.

பிரச்சினை, அந்த இடிக்கிற கணக்கு ரொம்பச் சின்னது. ஒரு சுவிட்சை இழுத்துத் தள்ள அதுக்கு பலம் போதாது. அதுவரை இருந்த இந்த மாதிரிக் கருவிகள் 10 ஆம்பியர் கசிஞ்சால்தான் விழித்தெழும். 1955-ல் ரூபின் ஒரு வால்வை வைத்து அதை 250 மில்லிஆம்பியருக்குக் கொண்டு வந்தார். சில சுரங்கங்களில் அது நல்லாவே ஓடியது. மனுஷனுக்கு அதுவும் அதிகம். ட்ரான்ஸிஸ்டர் அப்போ புதுசு, அதை யோசித்துப் பார்த்துவிட்டு, நம்ப முடியாதுன்னு ஒதுக்கினார். பதிலா இரும்பு உள்ளகமும் காயிலும் மட்டுமே கொண்ட காந்தப் பெருக்கியைத் தேர்ந்தெடுத்தார். 1956 தொடக்கத்தில் செய்த மாதிரிக் கருவி 12.5-லிருந்து 17.5 மில்லிஆம்பியருக்குள் விழுந்தது. அதுவும் டால்ஸியல் கணித்த பாதுகாப்பான நேரத்துக்குள்.

ஜோஹன்னஸ்பர்க்குக்குத் தென்மேற்கே ஸ்டில்ஃபான்டைன்னு ஒரு சுரங்க ஊர். அங்கே ஒரு வீட்டில் மின்சாரம் தாக்கி ஒரு பெண் இறந்தார். அதுக்குப் பிறகு, 1957-லும் 1958-லும் அந்த ஊர் வீடுகளில் சில நூறு கருவிகள் பொருத்தப்பட்டன, 20 மில்லிஆம்பியர் கசிந்தா விழுறது. சுரங்கத்துக்காக யோசித்த பொருள் சமையலறைக்கு வந்த இடம் இது. ஒரு விஷயம் சொல்லாமப் போக முடியலை. அது நிறவெறி ஆட்சிக் காலம். அந்தத் தங்கத்தை வெட்டி எடுத்த கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலானவங்களுக்குக் குடும்பத்தோட வீடே கிடையாது, ஆண்கள் மட்டும் அடைஞ்சு கிடக்கிற காம்பவுண்டுகள்தான். வீட்டுக்கு ஒரு பாதுகாப்புக் கருவின்னு சொல்லும்போது, 'வீடு' யாருக்கு இருந்ததுங்கிற கேள்வியும் கூடவே வருது.

அதுக்கப்புறம் வேகமாப் பரவியது. ஆஸ்திரியாவில் காட்ஃப்ரீட் பீகல்மையர் இதே வேலையில் இருந்தார், ஷாக்கை அளக்கத் தன் உடம்பையே பயன்படுத்தினவர் அவர். 1961-ல் டால்ஸியலே ட்ரான்ஸிஸ்டர் வைத்து ஒரு கருவி உருவாக்கினார். அமெரிக்க விதி அதை 1968-ல் நீச்சல் குளத்துத் தண்ணிக்கடி விளக்குகளுக்குக் கொண்டு வந்தது, பிறகு வெளிப்புற பிளக், பாத்ரூம்னு ஒவ்வொண்ணா. அங்கே 5 மில்லிஆம்பியருக்கு விழும், கையை விட முடியாத நிலையே வரக்கூடாதுன்னு. ஐரோப்பாவிலும் இங்கேயும் 30. இதயம் நிக்கக்கூடாதுங்கிறது இதோட கணக்கு. ஷாக் அடிக்கும், வலிக்கும், ஆனா கண் இமைக்கிற நேரத்தில் துண்டிச்சிடும்.

நம்ம நாட்டுக்கு வருவோம். மத்திய மின்சார ஆணையத்தோட 2010 பாதுகாப்பு விதிமுறைகள் இந்தக் கருவியைக் கட்டாயம்னு சொன்னது. ஆனா ஒரு விலக்கு: 250 வோல்ட்டுக்குள் இருக்கிற, 5 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புக்குத் தேவையில்லை. 5 கிலோவாட்னா என்ன? ரெண்டு ஏசி, ஒரு கீஸர், வாஷிங் மெஷின் இருக்கிற வீடு. நாலு லைட், ரெண்டு ஃபேன், ஒரு மிக்ஸி, தரை ஈரமான ஒத்தை ரூம் வீடு அந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழே. எர்த் குழி யாரும் பார்க்காத, வயர் பழசான, வெறுங்காலோட வேலை நடக்கிற இடம் எதுவோ, அதுக்குத்தான் விலக்கு. சின்ன இணைப்புக்காரர் தலையில் செலவு ஏத்த வேண்டாம்னு நினைச்சிருக்கலாம். ஆனா கரண்டுக்கு கிலோவாட் தெரியாது, மேலே பார்த்த 1000 ஓம் கணக்கு எல்லா உடம்புக்கும் ஒண்ணுதான். 2023-ல் வந்த புது விதிமுறைகள் அந்த வரம்பைக் குறைத்தன. ஏற்கெனவே கட்டி முடிச்ச கோடிக்கணக்கான வீடுகள் அப்படியேதான் நிக்குது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்த நாட்டில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு மேல மின்சாரம் தாக்கி இறக்கிறாங்க. வயல்ல அறுந்து விழுற லைன், கம்பத்தில் ஏறின தொழிலாளி எல்லாம் இதில் அடக்கம், எல்லாச் சாவையும் இந்தக் கருவி தடுத்திருக்காது. வீட்டுக்குள்ள நடக்கிறதில் பலதைத் தடுத்திருக்கும்.

கருவி இருக்கிற வீட்டிலயும் ஒரு கதை ஓடும். மழைக்காலம் வந்தா ஆர்சிசிபி அடிக்கடி விழும். எலக்ட்ரிஷியன் வருவார், "இது ஓவர் சென்சிட்டிவ் சார்"னு சொல்லி நேரா வயரைக் கொடுத்துட்டுப் போயிடுவார். வீட்டுக்காரருக்கும் நிம்மதி. பெரும்பாலும் உண்மையான காரணம் கீஸர் காயில் கசியுது, இல்லைன்னா மொட்டை மாடி பிளக் பாக்ஸுக்குள்ள தண்ணி. இன்வெர்ட்டர் போட்ட வீட்ல ரெண்டு சர்க்யூட்டோட நியூட்ரலையும் ஒண்ணா முறுக்கிவிட்டிருப்பாங்க. ஒரு வளையம் வழியாப் போன கரண்ட் அதே வளையம் வழியாத் திரும்பலைன்னா, அந்த ஆர்சிசிபி விழத்தான் செய்யும். எந்த எம்சிபியை ஆஃப் பண்ணினா ஆர்சிசிபி நிக்குதுன்னு ஒவ்வொண்ணாப் பார்த்தா எந்தப் பக்கம் கசிவுன்னு தெரிஞ்சிடும். வழி நியூட்ரல்லயும் இருக்கலாம், அதைப் பிரிச்சுப் பார்க்கிறது எலக்ட்ரிஷியன் வேலை. அரை நாள் வேலை, அதுக்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனசு வர்றதில்லை.

கடைசியா அந்த 'டி' பட்டன். அதை அழுத்தினா உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியா வேணும்னே கணக்கு இடிக்க வைக்கும். சுவிட்ச் 'டக்'னு விழணும். விழலைன்னா உள்ளே பொறி இறுகிப் போச்சு, மாத்தணும். மாசத்துக்கு ஒரு தடவை அழுத்திப் பார்க்கலாம், அழுத்துறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிக்கங்க. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கணும்: அந்த பட்டன் உங்க எர்த் குழியைச் சோதிக்கிறதில்லை. கரியும் உப்பும் போட்டு வருஷக்கணக்கா யாரும் தண்ணி ஊத்தாத அந்தக் குழி செத்துப் போயிருந்தாலும் சுவிட்ச் விழும். குழியோட தடையை அளக்க வேற மீட்டர் இருக்கு. ஃப்ளாட்ல இருக்கிறவங்க அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில், அது கடைசியா எப்போ அளந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க.